மூளைக் கட்டியை மருத்துவம் அறிந்துகொண்ட வரலாறு



இன்று நாம் பேசப்போவது மூளைக் கட்டியைப் பற்றி. பெயரைக் கேட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். வானொலிப் பெட்டியை மூடிவிடலாமா என்றும் தோன்றும். அப்படிச் செய்துவிடாதீர்கள். உங்களை அச்சுறுத்துவது இந்த உரையின் நோக்கமன்று. இது அடிக்கடி வருகிற நோயும் அன்று. ஆனால் வந்துவிட்டால், அதன் முதல் அடையாளங்களைக் காண்பவர்கள் மருத்துவர்கள் அல்லர், வீட்டில் உள்ளவர்கள்தாம். கணவருக்குக் கை மரத்துப்போவதை மனைவி காண்கிறாள். பிள்ளை தள்ளாடி நடப்பதைத் தாய் காண்கிறாள். கண்டதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் அது ஓர் உயிரைக் காக்கவும் கூடும். இதை மருத்துவ உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதே இன்றைய வரலாறு.

கையில் கட்டி வந்தால் கண்ணுக்குத் தெரியும். வயிற்றில் வந்தால் தடவிப் பார்க்கலாம். மூளையோ எலும்பால் ஆன பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியில் சன்னல் இல்லை. எக்ஸ்ரே படம் கூட இல்லாத காலத்தில், ஒரு மனிதரின் மண்டையைத் திறக்காமலே, "கட்டி இந்த இடத்தில்தான் இருக்கிறது" என்று சில மருத்துவர்கள் சொன்னார்கள். அப்படியே இருக்கவும் செய்தது. எப்படிச் சொன்னார்கள்? அவர்களுக்கு மந்திரம் தெரியாது. மூளையின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்பதை மெல்ல மெல்ல அறிந்துகொண்டார்கள். பின்னர் நோயாளியின் உடம்பில் எந்த வேலை கெட்டிருக்கிறது என்று கேட்டு, கவனித்து, கணக்கிட்டார்கள்.

பேச்சு இருக்கும் இடம்

ஒரு பெரிய தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் ஒன்றுதான், ஆனால் அதில் பல டிவிஷன்கள் உண்டு. ஒவ்வொரு டிவிஷனுக்கும் தனித்தனிக் கங்காணி, தனித்தனி வேலை. ஒரு நாள் மூன்றாம் டிவிஷனிலிருந்து மட்டும் பால் வந்து சேரவில்லை என்றால், தொல்லை எங்கே என்று தேட முழுத் தோட்டத்தையும் சுற்ற வேண்டியதில்லை. மூளையும் அப்படித்தான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பெரும்பாலான அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. மூளை முழுவதும் ஒரே தன்மை உடையது என்றே எண்ணினர்.

1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்னும் மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆஸ்பத்திரியிலேயே வாழ்ந்தவர். பிறர் சொல்வது அவருக்கு விளங்கும். ஆனால் எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே ஓசைதான் வாயிலிருந்து வரும். எல்லாரும் அவரை டான் என்றே அழைத்தார்கள். அவர் இறந்தபின் புரோக்கா மூளையைப் பார்த்தார். இடப்புற மூளையின் முன்பகுதியில் ஓரிடம் பழுதுபட்டிருந்தது. இதுபோன்ற பல நோயாளிகளைக் கண்டபின், பேச்சை ஆளும் இடம் பெரும்பாலோருக்கு இடப்புற மூளையில் இருக்கிறது என்று அவர் அறிவித்தார்.

நாக்கு நன்றாக இருக்கும். காது நன்றாக இருக்கும். ஆனால் சொல் வராது. இத்தகைய ஒருவரைக் கண்டால் "ஊமையாகிவிட்டார்", "யாரோ வாயைக் கட்டிவிட்டார்கள்" என்று சொல்வது நம் வழக்கம். கட்டப்பட்டிருப்பது வாய் அன்று, மூளையில் ஓர் இடம் பழுதுபட்டிருக்கிறது என்பதை 1861-இல் உலகம் அறிந்துகொண்டது.

பெருவிரலில் தொடங்கிய வலிப்பு

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன். 1835-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர். லண்டனில் வலிப்பு நோயாளிகளுக்கும் வாத நோயாளிகளுக்கும் என்றே அமைந்த ஓர் ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். அங்கே அவர் செய்தது மிக எளிய காரியம். வலிப்பு வந்தவரின் மனைவியிடமும் தாயிடமும் பொறுமையாகக் கேட்டார்: "எந்த இடத்தில் முதலில் துடித்தது? பிறகு எங்கே போனது?"

அதுவரை வலிப்பு என்றால், கீழே விழுந்தார், கை கால் இழுத்தது, நுரை தள்ளியது என்று மொத்தமாகச் சொல்வதே வழக்கம். ஜாக்சன் கேட்ட கேள்விகளால் வேறொன்று தெரிய வந்தது. சிலருக்கு வலிப்பு எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. ஒருவருக்குக் கைப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தொடங்கும். இன்னொருவருக்கு வாயின் ஓரத்தில் தொடங்கும். மற்றொருவருக்குக் கால் பெருவிரலில் தொடங்கும். காய்ந்த லாலாங் புல்லில் ஓரிடத்தில் பற்றிய நெருப்பு பக்கத்துப் புல்லுக்குத் தாவுவது போல, அந்தத் துடிப்பு விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், முழங்கைக்கும், தோளுக்கும், முகத்திற்கும் ஏறும்.

இதிலிருந்து ஜாக்சன் ஒரு முடிவுக்கு வந்தார். மூளையில் விரலுக்கு ஓர் இடம், முகத்திற்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம் என்று வரிசையாக இருக்க வேண்டும். வலிப்பு எங்கே தொடங்குகிறதோ அந்த உறுப்பிற்கு உரிய இடத்தில்தான் நோயின் வேர் இருக்க வேண்டும். மேலும், உடம்பின் வலப்பக்கத்தை மூளையின் இடப்பக்கமும், இடப்பக்கத்தை மூளையின் வலப்பக்கமும் ஆள்வதால், இடக்கையில் தொடங்கும் வலிப்பிற்கு வலப்புற மூளையில் காரணம் தேட வேண்டும்.

அவர் கணித்தது சரி என்பதற்கு விரைவிலேயே சான்று கிடைத்தது. 1870-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்னும் இருவர் ஒரு நாயின் மூளையில் மெல்லிய மின்சாரத்தைத் தொட்டுக் காட்டினர். தொட்ட இடத்திற்கு ஏற்ப எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. 1873 முதல் இங்கிலாந்தில் டேவிட் ஃபெரியர் என்பவர் இந்த ஆய்வை மேலும் வளர்த்தார். குரங்குகளின் மூளையையும் ஆராய்ந்து, கைக்கு எது, முகத்திற்கு எது, காலுக்கு எது என்று ஒரு படமே வரைந்தார். ஜாக்சன் நோயாளி வீட்டாரின் வாய்மொழியிலிருந்து அறிந்ததை ஆய்வுக்கூடம் உறுதி செய்தது.

கண்ணில் தெரிந்த அடையாளம்

இதே காலத்தில் வேறொரு வழியும் திறந்தது. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள்ளே பார்க்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். இன்றும் மருத்துவர் உங்கள் கண்ணருகே வந்து, ஒரு சிறிய விளக்குக் கருவியை வைத்து உற்றுப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் மூதாதை அதுதான். 1860-இல் பெர்லின் நகரக் கண் மருத்துவர் வான் கிராஃபே, மூளைக் கட்டி உள்ளவர்களின் கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வீங்கியிருப்பதைக் கண்டு எழுதினார்.

இது ஏன் நிகழ்கிறது? மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. அதற்குள் ஒரு கட்டி வளர்ந்தால் உள்ளே நெருக்கம் உண்டாகும். சில கட்டிகள் மூளையைச் சுற்றி ஓடும் நீரின் வழியையும் அடைத்துவிடும். அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தால் தலை வலிக்கும், வாந்தி வரும், கண்ணின் பின்னே நரம்பு வீங்கும். படுத்திருக்கும்போது இந்த அழுத்தம் கூடுவதால் விடியற்காலையில் விழிக்கும் நேரத்தில் தலைவலி மிகுந்திருப்பதும் உண்டு. இருமினாலும், முக்கினாலும், குனிந்தாலும் அது கடுமையாகும்.

தலைவலி, வாந்தி, பார்வை நரம்பின் வீக்கம் ஆகிய இம்மூன்றும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அந்நாளைய மருத்துவர்கள் கொண்டனர். அழுத்தம் நீடித்தால் பார்வை நரம்பு பட்டுப்போகும். பிறகு கட்டியை அகற்றினாலும் போன பார்வை திரும்புவதில்லை. எனவே இங்கே காலம் மிக முக்கியம்.

மறுக்கப்பட்ட சம்மதம்

இப்போது ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகருக்கு வருவோம். அங்கே வில்லியம் மக்யூவன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1876-இல் 11 வயதுச் சிறுவன் ஒருவனை அவர் பார்த்தார். அவன் தலையில் காயம் பட்டிருந்தது. பின்னர் உடம்பின் வலப்பக்கத்தில் வலிப்பு கண்டது, பேச்சும் தடைபட்டது. மக்யூவன் சிந்தித்தார். வலப்பக்க வலிப்பு, போதாக்குறைக்குப் பேச்சுத் தடை. அப்படியானால் இடப்புற மூளையில், புரோக்கா சொன்ன அந்தப் பேச்சிடத்தில், சீழ்க்கட்டி இருக்க வேண்டும். மண்டையைத் திறந்து சீழை எடுத்தால் பிழைக்கலாம் என்று அவர் சொன்னார்.

வீட்டார் சம்மதிக்கவில்லை. அவர்களைக் குறை கூற முடியாது. மண்டையைத் திறப்பதா என்று எந்தப் பெற்றோருக்கும் உடல் நடுங்கத்தான் செய்யும், அதுவும் 1876-இல். சிறுவன் இறந்துவிட்டான். இறந்தபின் பார்ப்பதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. உயிரோடு இருந்திருந்தால் எப்படிச் செய்திருப்பாரோ அப்படியே மக்யூவன் திறந்தார். அவர் சொன்ன அதே இடத்தில் புறா முட்டை அளவில் சீழ்க்கட்டி இருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1879-இல், 14 வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்தாள். அவளுக்கும் வலப்பக்கம் வலிப்பு. இம்முறை அறுவை நடந்தது. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வளர்ந்த கட்டியை மக்யூவன் எடுத்தார். அந்தப் பெண் அதன்பின் 8 ஆண்டுகள் வாழ்ந்தாள். இறந்ததும் வேறொரு நோயால்தான்.

1884, நவம்பர் 25

லண்டனில் நிகழ்ந்த ஓர் அறுவையை மருத்துவ நூல்கள் தனியே குறிப்பிடுகின்றன. நோயாளி 25 வயது இளைஞர், விவசாயி. உடலுழைப்பால் வாழ்ந்தவர். அவருக்கு முதலில் முகத்தின் இடப்பக்கம் துடித்தது. பிறகு இடக்கை துடிக்கத் தொடங்கியது. நாளடைவில் இடக்கை விரல்கள் வலுவிழந்தன. வேலைக்கருவியைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் தாங்க முடியாத தலைவலி, ஓயாத வாந்தி.

ஹியூஸ் பென்னட் என்னும் மருத்துவர் இந்த வரலாறு முழுவதையும் கேட்டார். கண்ணுக்குள் பார்த்தார். நரம்பு வீங்கியிருந்தது. ஆகவே மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, கட்டி இருக்கிறது. எங்கே? இடமுகம், இடக்கை. எனவே வலப்புற மூளையில், முகத்திற்கும் கைக்கும் உரிய இடத்தில். அந்தக் கட்டி பெரிதாக இருக்க முடியாது என்றும் அவர் கணக்கிட்டார். ஏனெனில் கால் இன்னும் முழுமையாகக் கெடவில்லை.

நவம்பர் 25-ஆம் நாள் ரிக்மன் காட்லீ என்ற அறுவை மருத்துவர் குறிப்பிட்ட இடத்தில் மண்டை ஓட்டைத் திறந்தார். மேலே பார்த்தால் கட்டி தெரியவில்லை. சிறிது ஆழத்தில் அது இருந்தது, ஒரு வாதுமைக் கொட்டை அளவில். வெளியே எந்த வடுவும் இல்லை, எந்த வீக்கமும் இல்லை. உடம்பு காட்டிய அறிகுறிகளை மட்டும் நம்பி மூளைக்குள் மறைந்திருந்த கட்டியைக் கண்டெடுத்தார்கள்.

அந்த இளைஞரின் வலிப்பு நின்றது. தலைவலியும் வாந்தியும் நின்றன. ஆனால் காயத்தில் கிருமி தொற்றி, 28 நாட்களுக்குப் பின் அவர் உயிர் பிரிந்தது. கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் தோன்றாத காலம் அது. அறிவு மூளைக்குள் சென்றுவிட்டது. அறுவைக்கூடம் இன்னும் அதற்கு ஈடாக வளரவில்லை. இருப்பினும் அந்த நாளுக்குப் பின், மூளைக் கட்டி என்றால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று யாராலும் சொல்ல முடியாமற்போயிற்று.

ரப்பர் கருகும் வாடை

மூளைக் கட்டியின் அறிகுறிகளில் சில, நோய் என்றே தோன்றாதவை. ஜாக்சனும் அவருடைய துணை மருத்துவர் பீவரும் 1880-களின் முடிவில் ஒரு சமையற்காரப் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவளுக்கு அவ்வப்போது ஏதோ அழுக்குப் பொருள் எரிவது போன்ற கெட்ட வாடை வரும். அடுப்பில் ஒன்றும் இராது. வேறு யாருக்கும் அந்த வாடை தெரியாது. கூடவே, ஒரு சிறிய பெண் உருவம் மும்முரமாகச் சமையல் செய்வது போன்ற காட்சியும் அவள் கண்முன் தோன்றும். நம் ஊராக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? காற்று கருப்பு என்போம். பூசாரியிடம் அழைத்துப் போவோம். அவள் இறந்தபின் பார்த்தபோது, வலப்பக்கப் பொட்டுக்குள்ளே உள்ள மூளைப் பகுதியில் கட்டி இருந்தது. மோப்பத்தோடு தொடர்புடைய இடம் அது.

இந்தச் செய்தி நூலில் ஏறி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ஷ்வின் என்னும் புகழ்பெற்ற இசையமைப்பாளருக்கு அதே அடையாளம் தோன்றியது. 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மேடையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் நினைவு தப்பியது, விரல் தடுமாறியது, ரப்பர் கருகும் வாடை அடித்தது. ரப்பர் ஷீட் புகை போடும் கொட்டகையின் பக்கத்திலேயே வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு அந்த வாடை எப்படிப்பட்டதென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த இசையரங்கில் ரப்பரும் இல்லை, நெருப்பும் இல்லை.

பிறகு தலைவலி வந்தது. தலைசுற்றல் வந்தது. கையிலிருந்த உணவைச் சிந்தினார். அவர் போக்கே மாறிவிட்டது என்று பழகியவர்கள் எண்ணினார்கள். வேலைப் பளுவால் மனம் சோர்ந்துவிட்டது என்றனர். ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தபோதும், மனக்கோளாறாகத்தான் இருக்கும் என்று எழுதி அனுப்பினார்கள். ஜூலை 9-ஆம் நாள் நினைவிழந்து விழுந்தார். அவசர அறுவை நடந்தது, பயனில்லை. ஜூலை 11 அன்று, 38-ஆம் வயதில் இறந்தார். அவருக்கும் வலப்பக்கப் பொட்டுப் பகுதியிலேயே கட்டி இருந்தது.

பணமும் புகழும் உள்ளவர். பெரிய நகரத்தில் வாழ்ந்தவர். மருத்துவர்களின் பார்வையில் இருந்தவர். அப்படியிருந்தும் அறிகுறிகளை மனக்கோளாறு என்று ஒதுக்கியதால் பல மாதங்கள் வீணாயின. அக்காலத்தில் அந்தக் கட்டியை முன்பே கண்டிருந்தாலும் முற்றாகக் குணப்படுத்தியிருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் "பைத்தியம்" என்றோ "நடிப்பு" என்றோ ஒரு சொல்லைச் சூட்டிவிட்டால், பிறகு யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பது மட்டும் உறுதி. லயத்துக்கு லயம் நடக்கும் பேச்சிலும் இதே தவறு நேர்கிறது. "வேலைக்குப் போக மனமில்லாமல் தலைவலி என்கிறான்", "தண்ணி போட்டுவிட்டுத் தள்ளாடுகிறான்" என்று சொல்லும் முன், ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரிசையாகக் கேட்டவர்

அறுவைக்கூடத்தை அறிவுக்கு ஈடாக வளர்த்தவர் என்று அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங்கைக் கூறலாம். 1931-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தமது 2000-ஆவது மூளைக் கட்டி நோயாளிக்கு அவர் அறுவை செய்தார். இரத்தம் வீணாகாமல் தடுக்க, 1926 முதல் மின்சாரக் கத்தியைப் பயன்படுத்தினார். மிக மெதுவாக, மிக நுட்பமாகச் செய்தார். முந்தைய காலத்தில் அறுவையாலேயே இறந்தவர்களின் தொகை இதனால் பெரிதும் குறைந்தது.

குஷிங்கின் கைத்திறமையைப் பலரும் புகழ்வர். அவர் காதுத்திறமையும் அதற்குக் குறைந்ததன்று. 1917-இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்று, காது நரம்பில் வளரும் கட்டியைப் பற்றியது. எந்த அறிகுறி முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்ற வரிசையை அவர் அதில் வற்புறுத்தினார். முதலில் ஒரு காதில் மட்டும் இரைச்சலும் செவிட்டுத்தன்மையும் வரும். பிறகு நடையில் தள்ளாட்டம். அதன்பின் முகம் மரத்தல். கடைசியில்தான் தலைவலியும் வாந்தியும். நோயாளி கடைசியில் வந்த தலைவலியை மட்டும் சொல்லி, முதலில் வந்த காது மந்தத்தைச் சொல்லாமல் விட்டால், கட்டியின் இருப்பிடம் தெரியாமலே போகும்.

மூளையின் அடியில் தொங்கும் சிறு சுரப்பியில் வரும் கட்டிகளையும் அவர் ஆராய்ந்தார். அந்தச் சுரப்பி வளர்ச்சியை ஆள்வது. அதில் ஒருவகைக் கட்டி வந்தால், வளர்ந்த மனிதருக்கும் கை, கால், தாடை பெருக்கும். மோதிரம் இறுகும், செருப்பு போதாமற்போகும். தினமும் பார்க்கிறவர்களுக்கு இந்த மாற்றம் தெரியாது. அதனால் பழைய புகைப்படங்களை வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கட்டி மேலே வளர்ந்து பார்வை நரம்புகளை அழுத்தினால், நேரே பார்ப்பது தெரியும், இரு பக்கமும் தெரியாது. அத்தகையவர் கதவு நிலையில் மோதிக்கொள்வார். பக்கத்தில் வரும் சைக்கிளைக் காணமாட்டார்.

மண்டைக்குள் சன்னல்

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். ஆனால் அந்தப் படத்தில் எலும்பு தெரிந்ததே தவிர, உள்ளிருக்கும் மூளை தெரியவில்லை. 1918-இல் வால்டர் டாண்டி மூளையின் நீர் அறைகளில் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். 1927-இல் போர்த்துக்கல் நாட்டு ஈகாஸ் மோனிஸ் இரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தார். இரண்டும் பயன்பட்டன, ஆனால் நோயாளிக்குப் பெருந்துன்பம் தந்தன.

மூளையையே நேராகக் காட்டிய முதல் கருவி, காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய சி.டி. ஸ்கேன். 1971, அக்டோபர் 1 அன்று லண்டனுக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் தலையை அது படமெடுத்தது. அந்தப் பெண்ணுக்கு மூளைக் கட்டி இருக்கலாம் என்று ஐயுற்றிருந்தார்கள். படத்தில் அது தெரிந்தது. இதற்காக 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் நோபெல் பரிசு பெற்றனர். காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. முறைக்கு வழிவகுத்த லாட்டர்பரும் மேன்ஸ்ஃபீல்டும் 2003-இல் அதே பரிசைப் பெற்றனர்.

இன்று நம் நாட்டு அரசாங்கப் பெரிய மருத்துவமனைகளில் இந்தக் கருவிகள் உள்ளன. கோலாலம்பூர் மருத்துவமனையின் நரம்பியல் கழகம், நாட்டின் முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கருவி தானாக நம் வீட்டுக்கு வராது. தலைவலி என்று வருகிற எல்லாரையும் அதற்குள் படுக்க வைக்கவும் முடியாது. யாரை அங்கே அனுப்ப வேண்டும் என்பதைக் கிளினிக்கில் உள்ள மருத்துவர் தீர்மானிக்கிறார். அவர் தீர்மானிப்பது நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான். லண்டனில் ஜாக்சன் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்பார்.

நாம் கவனிக்க வேண்டியவை

முதலில் ஒரு தைரியம் சொல்கிறேன். தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை மூளைக் கட்டியால் வருவன அல்ல. வெயில், பசி, தூக்கமின்மை, கண்பார்வைக் குறை, ஒற்றைத் தலைவலி என்று காரணங்கள் பல. வலிப்பு வந்தவர்களில் பெரும்பாலோருக்கும் கட்டி இருப்பதில்லை. மூளைக் கட்டிகள் எல்லாமே புற்றுநோயும் அல்ல. மூளையின் சவ்வில் வளரும் கட்டிகளில் பல, முழுமையாக அகற்றக்கூடியவை.

ஆயினும், கீழ்க்காண்பவற்றுள் எதைக் கண்டாலும் நாள் கடத்தாமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

முன்பு இல்லாத தலைவலி புதிதாகத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டே போவது. காலையில் விழிக்கும்போதே வலிப்பது. அதோடு வாந்தியும் சேர்வது. பார்வை மங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, பக்கவாட்டில் தெரியாமற்போவது. ஒரு பக்கக் கை அல்லது கால் நாளுக்கு நாள் வலுவிழப்பது. பால் வெட்டும் கத்தியோ, செம்பனை அறுக்கும் அரிவாளோ காரணமின்றிக் கைநழுவுவது. சொல் தெரிந்தும் வாயில் வராமற்போவது. ஒரு காதில் மட்டும் கேள்வி குறைவது. அமைதியானவர் முரடாவது, சுறுசுறுப்பானவர் எதிலும் நாட்டமின்றி உட்கார்ந்திருப்பது போன்ற குண மாற்றம். வளர்ந்தவர் ஒருவருக்கு வாழ்வில் முதன்முறையாக வலிப்பு வருவது.

குழந்தைகளைத் தாய்மார்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். காலை எழுந்ததும் வாந்தி எடுப்பதைப் பள்ளிக்கூடத்துக்குப் பயந்து செய்வதாக எண்ணிவிடுகிறோம். அது பல நாள் தொடர்ந்தால், கூடவே நடை தள்ளாடினால், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டால், கண் புதிதாக மாறுகண் ஆனால், காத்திருக்கக் கூடாது. கைக்குழந்தையின் தலை அளவுக்கு மீறிப் பெருத்தாலும் அப்படியே.

திடீரென்று ஒரு பக்கம் முகம் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது நாளைக்கு என்ற பேச்சே வேண்டாம். அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இடியிறங்கியது போன்ற திடீர்த் தலைவலிக்கும் அதுவே விதி.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், வாயில் கரண்டியை நுழைப்பதும் நம் பழக்கம். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. கரண்டியால் பல் உடையும், மூச்சு அடைக்கும். அவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், ஊற்றாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால், அல்லது அடுத்தடுத்து வந்தால், உடனே ஆம்புலன்சை அழையுங்கள். அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து கவனியுங்கள்: துடிப்பு எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், முடிந்தபின் எந்தக் கை சோர்ந்திருந்தது?

கிளினிக்குக்குப் போகும்போது நோயாளியோடு, அவரைத் தினமும் பார்க்கிற ஒருவர் உடன் போவது நல்லது. எது முதலில் வந்தது, எந்த மாதம் வந்தது, எது பிறகு வந்தது என்று பிள்ளைகளில் எழுதத் தெரிந்தவரைக் கொண்டு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பேசும் மொழி தடையாக இருந்தால் அந்தத் தாளை மலாயில் எழுதச் சொல்லுங்கள். கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. வேண்டுதலை முடித்துக்கொண்டு அன்றைக்கே கிளினிக்குக்கும் போய்விடுங்கள். மண்டையைத் திறக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அஞ்சி ஓடிவராமல், என்ன கட்டி, எங்கே இருக்கிறது, செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விளக்குவது அவர் கடமை. கிளாஸ்கோ சிறுவனின் வீட்டார் கேட்டிருந்தால், 1876-இல் கூட, முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும்.

அடுத்த வாரம் வேறொரு பொருளோடு சந்திப்போம்.